‘சூப்பர்’ மட்டும் போதுமா? கதை எழுதும் நண்பர் உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன?

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தயங்கித் தயங்கி வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார். ‘சும்மா எழுதிப் பார்த்தேன். டைம் கிடைக்கும்போது படிச்சுட்டுச் சொல்லுங்க’ என்கிறார். 14 பக்கம். நீங்கள் படித்தும் முடித்துவிடுகிறீர்கள். அதற்கு அப்புறம்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. என்ன சொல்வது?

பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் எமோஜி, கூடவே ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் இன்னும் படிக்கவில்லை என்பதுபோல அமைதியாக இருந்துவிடுவோம். நமக்கு அது ஒரு நிமிட விஷயம். அனுப்பியவரோ நாலு நாளாக அந்த நீல டிக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது கதை எழுதுவதா, இதோடு விட்டுவிடுவதா என்று அவர் முடிவு செய்வதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

பொழுதுபோக்காகக் கதை எழுதுபவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்? வாசகரிடமிருந்து எதைக் கேட்டால் அவர்களுக்குப் பயன்? இதைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த ‘அமெச்சூர்’ எழுத்தாளர்கள்?

எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்தாதவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். பகலில் வங்கி, ஐடி கம்பெனி, பள்ளிக்கூடம், வீட்டு வேலை. இரவு 10 மணிக்கு மேல் கதை. ‘அமெச்சூர்’ என்றால் தரம் குறைந்தவர் என்று அர்த்தமில்லை. சம்பளம் வேறெங்கிருந்தோ வருகிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இப்படி எழுதுபவர்களுக்கு இருந்த ஒரே வழி, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. கடந்த 10, 15 ஆண்டுகளில் அது மாறிவிட்டது. 2006இல் கனடாவில் தொடங்கிய வாட்பேட், யார் வேண்டுமானாலும் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை போடலாம் என்ற முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2014இல் தொடங்கப்பட்ட, பெங்களூருவைச் சேர்ந்த பிரதிலிபி, அதையே நம் மொழிகளில் செய்தது. இந்தி, தமிழ், மலையாளம், வங்காளம், மராத்தி என்று 12 மொழிகளில் அது இயங்குகிறது. அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் வழியாகப் பதிப்பகமே இல்லாமல் மின்னூல் போடலாம். முகநூலில் தொடர்கதை எழுதுபவர்களும் உண்டு.

இதில் பெரிய பணமும் புழங்குகிறது. தென்கொரியாவின் நேவர் நிறுவனம் 2021இல் சுமார் 60 கோடி டாலருக்கு வாட்பேடை வாங்கியது. அதே ஆண்டு, பப்ஜி விளையாட்டை உருவாக்கிய கிராஃப்டன் பிரதிலிபியில் முதலீடு செய்தது. யாரோ சும்மா எழுதிப் பார்க்கும் கதைகளை நம்பித்தான் இவ்வளவு பணமும்.

அவர்களுக்கு என்னதான் வேண்டும்?

‘புகழ்தானே வேண்டும்?’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே ஆசை இல்லை. குறைந்தது நான்கு வகை இருக்கிறது.

ஒன்று, முடித்துவிட வேண்டும். பாதியில் நிற்கும் கதைதான் அமெச்சூர் எழுத்தாளரின் பெரிய சுமை. 1999இல் அமெரிக்காவில் 21 பேர் சேர்ந்து தொடங்கிய ‘நானோரைமோ’ இந்த ஒரு ஆசையை மட்டும் வைத்துத்தான் ஓடியது. ஒரே மாதத்தில் 50,000 சொற்கள், அதாவது நாளுக்குச் சுமார் 1,667. நல்லா இருக்கா என்ற கேள்வியே கிடையாது. முடித்தால் வெற்றி. நம் ஊர்க்காரர்களும் பலர் அதில் எழுதினார்கள். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது.

இரண்டு, யாராவது ஒருவர் முழுசாகப் படிக்க வேண்டும். தன் மனதில் இருந்த ஆட்கள் இன்னொருவர் மனதிலும் நடமாடினார்களா என்று தெரிய வேண்டும். பலருக்கு இது போதும்.

மூன்று, அடுத்த கதையை இதைவிட நன்றாக எழுத வேண்டும். இவர்களுக்குப் பாராட்டைவிடத் தகவல்தான் தேவை.

நான்கு, புத்தகம், பெயர், வருமானம்.

ஒரே ஆளுக்கு இந்த நான்கும் வெவ்வேறு நேரத்தில் வரலாம். முதல் கதையின்போது முடித்தாலே போதும் என்றிருந்தவர், ஐந்தாவது கதையின்போது பதிப்பகம் தேடலாம். அதனால், முடித்ததற்கே மகிழ்ந்துபோயிருப்பவரிடம் எழுத்துப்பிழைப் பட்டியல் கொடுத்தால் அவர் சோர்ந்துபோவார். பதிப்பகத்துக்கு அனுப்பத் தயாராகிறவரிடம் ‘செம’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த ஆசையோடு வந்திருக்கிறார் என்பது தெரியாமல் சரியான பதில் சொல்ல முடியாது.

ஆசை எது என்பது எழுத்தையே பாதிக்கும் என்பதற்கும் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1985இல் அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமபிலி, படைப்பு எழுத்தில் ஈடுபட்டிருந்த 72 பேரைக் கவிதை எழுதச் சொன்னார். அதற்கு முன் ஒரு பகுதியினரிடம், பணம், பெயர் போன்ற வெளிக்காரணங்கள் அடங்கிய பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினருக்கு, எழுதுவதில் உள்ள சந்தோஷம் போன்ற உள்காரணங்கள் அடங்கிய பட்டியல். வெளிக்காரணங்களைச் சில நிமிடம் யோசித்தவர்கள் எழுதிய கவிதைகளுக்கு நடுவர்கள் குறைந்த மதிப்பெண்ணே கொடுத்தார்கள். ஒரு சின்னச் சோதனைதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக வேண்டாம். ஆனால் ‘இதுல எவ்ளோ கிடைக்கும்?’ என்று நாம் முதலில் கேட்கும் கேள்வி, நாம் நினைக்கிற அளவுக்குச் சாதாரணமான கேள்வி இல்லை.

சரி, காசு கிடைக்குமா?

கேட்டுவிட்டோம், கணக்கையும் போட்டுவிடலாம். இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கு வழக்கமாகப் பேசப்படும் ராயல்டி, விலையில் 7.5 முதல் 10 சதவீதம். 250 ரூபாய் புத்தகம், 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 25 ரூபாய். 1,000 பிரதி விற்றால் 25,000 ரூபாய். தினமும் 1 மணி நேரம் வீதம் 300 நாள் எழுதியிருந்தால், மணிக்குச் சுமார் 83 ரூபாய். கிண்டிலில் விலையையும் நிபந்தனைகளையும் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம் எழுதியவருக்கு வரும். சதவீதம் அதிகம்தான், ஆனால் வாங்குபவரை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

‘அமீஷ் ஜெயிக்கலையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிதித்துறையில் 14 ஆண்டுகள் வேலை பார்த்த அமீஷ் திரிபாதியின் முதல் நாவல் ‘தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலுஹா’வைப் பல பதிப்பகங்கள் நிராகரித்தன. 2010இல் சொந்த முயற்சியில் அது வெளிவந்தது. முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சடித்துப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுக்க வைத்தார். அஷ்வின் சங்கி தன் முதல் நாவலை 2007இல் ஷான் ஹைகின்ஸ் என்ற புனைபெயரில் தானே வெளியிட்டார். சூரத்தைச் சேர்ந்த சாவி ஷர்மாவும் முதல் நாவலை 2015இல் சொந்தமாகத்தான் போட்டார். மூவரையும் பின்னாளில் வெஸ்ட்லேண்ட் பதிப்பகம் எடுத்துக்கொண்டது.

இவர்களை நமக்குத் தெரிவதற்குக் காரணம், இவர்கள் ஜெயித்தார்கள் என்பதுதான். அதே ஆண்டுகளில் அதே மாதிரி சொந்தப் பணத்தில் புத்தகம் போட்டு, அட்டைப்பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும்.

ஏன் இவ்வளவு மௌனம்?

ஆக, பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வருமானம் வாசகரின் பதில். அதுவும் அரிதாகத்தான் கிடைக்கிறது. இணையத்தில் மக்கள் எப்படிப் பங்கெடுக்கிறார்கள் என்பதற்கு ‘90-9-1’ என்று ஒரு தோராயமான விதி உண்டு. யாகோப் நீல்சன் 2006இல் இதை எழுதிப் பிரபலமாக்கினார். 100 பேரில் 90 பேர் படிப்பதோடு சரி. 9 பேர் எப்போதாவது ஏதாவது சொல்வார்கள். மீதி 1 ஆள்தான் தொடர்ந்து பேசுவார். எல்லா இடத்துக்கும் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை நினைத்துப் பார்த்தாலே புரியும்.

கதை எழுதியவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. 500 பேர் படித்ததாகக் காட்டுகிறது, 3 பேர்தான் பேசினார்கள் என்றால், மீதி 497 பேருக்கும் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். அப்படி இல்லை. அவர்கள் பஸ்ஸில் படித்தார்கள், ஸ்டாப் வந்தது, இறங்கிவிட்டார்கள். மௌனத்தை வைத்துக் கதையின் தரத்தைக் கணக்கிட முடியாது.

நட்சத்திர மதிப்பீடும் பெரிதாக உதவாது. அமேசான் தளத்தின் விமர்சனங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: 5 நட்சத்திரம் நிறைய இருக்கும், 1 நட்சத்திரம் கொஞ்சம் இருக்கும், நடுவில் காலியாக இருக்கும். வரைபடமாகப் போட்டால் ஆங்கில ‘ஜே’ எழுத்து மாதிரி தெரியும். ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கோபப்பட்டவர்களும்தான் மெனக்கெட்டு நட்சத்திரம் போடுகிறார்கள். ‘பரவாயில்லை, ஆனா நடுவுல கொஞ்சம் இழுத்துச்சு’ என்பவர் எதையும் போடுவதில்லை. எழுதுபவருக்கு அதிகம் பயன்படக்கூடியவர் அந்த ஆள்தான்.

கருத்து சொன்னால் எழுத்து மேம்படுமா?

‘எந்தக் கருத்தும் நல்லதுதான்’ என்று நினைக்கிறோம். 1996இல் அவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இருவர், வேலையிடம், கல்வி எனப் பல இடங்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால், கருத்து சொல்வது செயல்திறனைக் கூட்டியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. குறை சொன்னதால் குறைந்தது, பாராட்டியதால் கூடியது என்று எளிமையாகப் பிரிக்கவும் முடியவில்லை. கருத்து, செய்த வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போதுதான் அதன் பயன் குறைந்தது என்பது அவர்களின் விளக்கம்.

இது கதை எழுதுபவர்களை வைத்துச் செய்த ஆய்வு இல்லை. ஆனாலும் உங்களுக்குப் பழக்கமான விஷயம்தான். வருடாந்தர அப்ரைசலை நினைத்துப் பாருங்கள். ‘உங்க ஆட்டிட்யூட் சரியில்லை’ என்று கேட்டுவிட்டு வந்த நாளில் எதையாவது கற்றுக்கொண்டீர்களா? ‘அந்த ரிப்போர்ட்டோட இரண்டாவது பக்கம் கிளையண்டுக்குப் புரியலை’ என்றால் அடுத்த நாளே சரிசெய்ய முடியும். கதையிலும் அப்படியே. ‘நீ பிறவி எழுத்தாளர்’, ‘உனக்கு இது வராது’ இரண்டுமே ஆளைப் பற்றியவை. முதலாவது இனிக்கும். ஆனால் இரண்டை வைத்துக்கொண்டும் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

கதை எழுதுபவர்களிடமே செய்த ஆய்வும் உண்டு. பிடித்த நாவல், சினிமா பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ‘ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட்’ தளத்தைச் செசிலியா அராகன், கேட்டி டேவிஸ் குழுவினர் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சுமார் 15 லட்சம் பேரின் எழுத்தை அலசியதில், அதிக மறுமொழிகள் பெற்றவர்களின் சொல்வளம் காலப்போக்கில் கூடியதற்கும் அந்த மறுமொழிகளுக்கும் தொடர்பு தெரிந்தது. ஒரே குரு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. நூறு பேர் ஆளுக்கொரு சின்ன விஷயம் சொன்னார்கள், அது சேர்ந்து ஒரு பாடமானது. இதை அவர்கள் ‘பரவலாக்கப்பட்ட வழிகாட்டல்’ என்கிறார்கள். மறுமொழிதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. விடாமல் எழுதுபவருக்கு மறுமொழியும் அதிகமாக வந்திருக்கலாம். ஆனாலும், ‘நான் என்ன இலக்கிய விமர்சகரா, நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?’ என்ற தயக்கத்துக்கு இது ஒரு பதில்.

வாசகருக்குப் பிடித்தால் நல்ல கதையா?

இந்தக் கேள்வி கேரளத்தில் அண்மையில் சூடாகவே பேசப்பட்டது. முகநூலில் கதை எழுதத் தொடங்கி, பிறகு பெரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றவர் அகில் பி. தர்மஜன். சென்னையில் நடக்கும் அவருடைய ‘ராம் கேர் ஆஃப் ஆனந்தி’ நாவல் மலையாளத்தில் லட்சக்கணக்கில் விற்றது. 2025இல் அந்த நாவலுக்கு 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சாகித்திய அகாடமியின் யுவ புரஸ்கார் கிடைத்தபோது, இதில் என்ன இலக்கியத் தரம் இருக்கிறது என்று ஒரு தரப்பு கேட்டது. புத்தகமே தொடாத இளைஞர்களைப் படிக்க வைத்தது சாதாரண விஷயமா என்று மறுதரப்பு கேட்டது.

இரண்டு தரப்பும் இரண்டு வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ‘இது எனக்கு என்ன செய்தது?’ என்பது ஒன்று. ‘மொழியின் மற்ற படைப்புகளோடு வைத்தால் இதன் இடம் எது?’ என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். முதலாவதற்கு, இந்த ஒரு கதையைப் படித்திருந்தால் போதும். நண்பர் உங்களிடம் கேட்பது பெரும்பாலும் முதலாவதைத்தான்.

‘அந்த ஹீரோயின் நீதானே?’

நம் ஊரில் எழுதுபவர்கள் அதிகம் பயப்படும் கேள்வி இதுதான். மாமியார் கொடுமை பற்றி எழுதினால் வீட்டில் சந்தேகம். காதல் கதை எழுதினால் ஆபீஸில் கிண்டல். பலர், அதிலும் பெண்கள், புனைபெயருக்குள் ஒளிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். கதையை யார் வாழ்க்கையோடாவது பொருத்திப் பார்க்கும் பதில், அடுத்த கதையில் அவரை ஜாக்கிரதையாக எழுத வைக்கும். ஜாக்கிரதையாக எழுதிய கதையில் உயிர் இருக்காது. கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். ‘அந்த மாமியார் பேசுறது எங்க வீட்ல கேட்ட மாதிரியே இருக்கு’ என்று உங்கள் பக்கமிருந்து சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

வாசகராக நீங்கள் என்ன சொல்லலாம்?

எழுத்து கற்பிப்பதைப் பற்றி 1973இல் புத்தகம் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ சொன்ன வழி எளிமையானது. தீர்ப்பு சொல்லாதீர்கள், படிக்கும்போது உங்கள் மனதில் ஓடிய படத்தைச் சொல்லுங்கள். ஒரு வங்கிக் காசாளர் பணத்தைக் கையாடிவிட்டு வீட்டுக்குப் போகும் கதை என்று வைத்துக்கொள்வோம்.

‘கதை ஸ்லோ’ என்பதற்குப் பதிலாக: ‘ரயில்வே ஸ்டேஷன் பகுதி வந்ததும் போனை எடுத்துப் பார்த்துட்டேன். மறுபடி, அவர் மகள் கதவைத் திறக்கிற இடத்துலதான் உள்ள வந்தேன்.’

‘கேரக்டர் சரியில்லை’ என்பதற்குப் பதிலாக: ‘அவர் ஏன் பணத்தை எடுத்தார்னு எனக்குப் புரியலை. கடன் இருக்குன்னு எங்கயாவது வந்துச்சா, நான்தான் விட்டுட்டேனா?’

‘சூப்பர்’ என்பதற்குப் பதிலாக: ‘சாப்பிடும்போது அவர் கை நடுங்குறதை மகள் மட்டும் பார்க்குறா இல்ல, அந்த இடம் ரெண்டு நாளா மனசுலயே இருக்கு.’

எந்த இடத்தில் தடுக்கியது என்று வாசகர் சொன்னால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘அதை இப்படி மாத்திடு’ என்று தரும் தீர்வு பெரும்பாலும் ஒத்துவராது. அது உங்கள் கதையாகிவிடும். அதனால் தீர்வைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

எழுத்துப்பிழைகளைத் தனியாகக் குறித்து அனுப்புங்கள். அதையே முதல் பதிலாக்க வேண்டாம்.

எழுதுபவர் நீங்களா?

அப்படியானால் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறு மரியாதையான பதில் கிடையாது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய ஒரு முறை இன்று பல கலைகளில் பயன்படுகிறது. முதலில், பார்த்தவர்கள் தங்களுக்கு எது பட்டது என்று சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு, பார்த்தவர்கள் குத்தல் இல்லாத கேள்விகள் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் ‘சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்டு.

வாட்ஸ்அப்புக்குத் தகுந்த மாதிரி இதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

கதையோடு உங்கள் நோக்கத்தையும் அனுப்புங்கள். ‘இது முதல் கதை, முடிச்சதே சந்தோஷம், சும்மா படிங்க’ என்பது ஒன்று. ‘போட்டிக்கு அனுப்பப் போறேன், எங்க போரடிக்குதுன்னு தெரியணும்’ என்பது வேறொன்று. படிப்பவருக்குத் தன் வேலை என்ன என்று புரிந்துவிடும்.

இரண்டு கேள்விகள் மட்டும் வையுங்கள். ‘எந்த இடத்துல நிறுத்தலாம்னு தோணுச்சு?’, ‘முடிவை முன்னாடியே கண்டுபிடிச்சுட்டீங்களா?’ போன்றவை பதில் சொல்லச் சுலபமானவை.

3 பேரிடமாவது கேளுங்கள். ஒருவர் சொல்வது அவருடைய ருசி. மூன்று பேரும் அதே பக்கத்தில் தடுக்கினால், கோளாறு அந்தப் பக்கத்தில்தான்.

பதில் வந்ததும் கதைக்காக வாதாடாதீர்கள். ‘அப்படி இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...’ என்று விளக்க ஆரம்பித்தால், அந்த வாசகர் அடுத்த முறை ‘சூப்பர்’ என்று முடித்துவிடுவார். நன்றி சொல்லுங்கள், குறித்து வையுங்கள், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

நேரமே இல்லையென்றால்?

14 பக்கத்தையும் எல்லோராலும் படிக்க முடியாது. அதையும் சொல்லிவிடலாம். ‘4 பக்கம் படிச்சேன், இந்த வாரம் ரிலீஸ் இருக்கு, மீதி அடுத்த மாசம்தான்’ என்பது மரியாதையான பதில். காத்திருப்பவருக்கு ஒரு தேதி கிடைக்கிறது. 4 பக்கத்திலேயே ஒரு இடம் பிடித்திருந்தால், எது என்று அந்த ஒரு வரியையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இரவு 10 மணிக்கு மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுபவர் மறுபடி லேப்டாப்பைத் திறக்க, பல நேரங்களில் அந்த ஒரு வரி போதும்.